வீட்டில் ஸ்பீக்கர் செய்து விற்க எந்தெந்தப் பதிவு வேண்டும்?

வேலைக்குப் போய்க்கொண்டே வீட்டில் ஸ்பீக்கர் பெட்டி செய்து விற்க நினைப்பவர்கள் முதலில் ஒன்றை முடிவு செய்துகொள்ள வேண்டும். பெட்டிக்குள் ப்ளூடூத் போர்டு வைக்கப் போகிறீர்களா? எந்தெந்தச் சட்டம் உங்களைத் தொடும் என்பது பெரும்பாலும் அந்த ஒரு போர்டைப் பொறுத்தது.

ஊஃபர் (தாழ்ந்த ஒலிக்கு), ட்வீட்டர் (உச்ச ஒலிக்கு), ஒலியை அவற்றுக்குப் பிரித்துத் தரும் கிராஸ்ஓவர், பின்பக்கம் ஒயர் மாட்ட இரண்டு டெர்மினல், இவ்வளவுதான் என்றால் அது பாசிவ் ஸ்பீக்கர். கரண்ட் இணைப்பு கிடையாது, ஆம்ப்ளிஃபயர் வெளியே இருக்கும். மத்திய அரசின் கட்டாயப் பதிவுப் பட்டியலில் இந்த வகை இல்லை. ப்ளூடூத் ஸ்பீக்கர் அந்தப் பட்டியலில் இருக்கிறது. அதை விற்க வேண்டுமானால் மாதிரியை பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) அங்கீகரித்த ஆய்வகத்தில் சோதனைக்குக் கொடுத்து, அறிக்கை வந்த 90 நாளுக்குள் விண்ணப்பித்து, பதிவு எண் வாங்கி, அதைப் பொருளின் மேல் அச்சிட வேண்டும். ப்ளூடூத் ரேடியோ அலையில் இயங்குவதால் தொலைத்தொடர்புத் துறையின் சரள் சஞ்சார் தளத்தில் கருவி வகை ஒப்புதலும் தேவை. மாதத்துக்கு நாலு ஜோடி விற்பவருக்கு இந்தச் செலவு கட்டுப்படியாகாது. பதிவில்லாமல் விற்று மாட்டினால் 2016ஆம் ஆண்டு பிஐஎஸ் சட்டப்படி முதல் தடவைக்கே சிறை அல்லது 2 லட்சம் ரூபாய்க்குக் குறையாத அபராதம். "போர்டில் ஏற்கெனவே பிஐஎஸ் எண் இருக்கிறதே" என்று பலர் நினைக்கிறார்கள். அந்த எண் அந்தப் போர்டைச் செய்தவருடையது, உங்கள் பெட்டிக்குச் செல்லாது. அதனால் பாசிவ் பெட்டியில் தொடங்குவதே சரி. வாடிக்கையாளருக்கு ப்ளூடூத் வேண்டுமென்றால், பதிவு பெற்ற ஆம்ப்ளிஃபயரை அவரே தனியாக வாங்கிக்கொள்ளட்டும்.

அடுத்தது உத்யம், அதாவது குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு. அரசுத் தளத்தில் ஆதார், பான், வங்கிக் கணக்கு விவரங்களைக் கொடுத்தால் போதும். கட்டணம் கிடையாது. இதற்கு ஆயிரம், இரண்டாயிரம் கேட்கும் தளங்கள் எல்லாம் தனியார் தளங்கள். தொழில் வகையில் 'உற்பத்தி' என்பதைத் தேர்ந்தெடுங்கள். 'வணிகம்' என்று போட்டுவிட்டால் உற்பத்திக்கான கடன், மானியம் கேட்கும்போது சிக்கல் வரும். முதலீடு 2.5 கோடிக்கும் விற்றுமுதல் 10 கோடிக்கும் உட்பட்டிருந்தால் குறு நிறுவனம். 2022ஆம் ஆண்டு மின்னணுக் கழிவு விதிகள் குறு நிறுவனங்களுக்குப் பொருந்தாது என்பதால் இந்தச் சான்றிதழ் கையில் இருப்பது நல்லது.

ஜிஎஸ்டியில்தான் அதிகம் பேர் சறுக்குகிறார்கள். தமிழ்நாட்டுக்குள் மட்டும் பொருள் விற்றால் ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் தாண்டும்வரை பதிவு தேவையில்லை. வேறு மாநிலத்துக்கு ஒரே ஒரு ஜோடி அனுப்பினாலும் பதிவு கட்டாயம், தொகை எவ்வளவு என்ற கேள்வியே இல்லை. ஓசூரிலிருந்து பெங்களூருக்கு அனுப்புவதும், கடலூரிலிருந்து புதுச்சேரிக்கு அனுப்புவதும் மாநிலம் விட்டு மாநிலம்தான். பெங்களூர்க்காரர் நேரில் வந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனாலும், பில்லில் 'கர்நாடகா' என்று எழுதிவிட்டால் அதுவும் வெளிமாநில விற்பனையாகவே கணக்காகும். 2023 அக்டோபர் 1 முதல் விதி இப்படி. கையால் செய்ததுதானே, கைவினைப் பொருளுக்கு விலக்கு உண்டே என்றால், அந்த விலக்கு அறிவிக்கப்பட்ட பொருள்களுக்கு மட்டும். ஒலிபெருக்கி அதில் இல்லை. பதிவில்லாமல் ஆன்லைன் சந்தைத் தளங்களில் விற்கவும் இதே 2023 மாற்றம் வழி செய்திருக்கிறது. ஜிஎஸ்டி தளத்தில் சேர்க்கை எண் வாங்கி, சொந்த மாநிலத்துக்குள் மட்டும் விற்கலாம்.

பதிவு செய்தால் லாபமா நஷ்டமா? ஸ்பீக்கருக்கான எச்எஸ்என் எண் (வரிக்காகப் பொருளை வகைப்படுத்தும் எண்) 8518, வரி 18 சதவீதம். ஒரு ஜோடிக்கு டிரைவர் (ஊஃபர், ட்வீட்டர்), கெபாசிட்டர், பிளைவுட் எல்லாம் சேர்ந்து 6,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அதற்கு மேல் 1,080 ரூபாய் வரி கட்டி வாங்குகிறீர்கள். பதிவில்லாதவருக்கு அந்த 1,080 செலவுக் கணக்கில் போய்விடும். பதிவு பெற்றவர் 10,000க்கு விற்று 1,800 வரி வசூலித்தால், முன்பு கட்டிய 1,080ஐக் கழித்து 720 மட்டும் அரசுக்குச் செலுத்துவார். ஆனால் வாடிக்கையாளர் கையிலிருந்து போவது 11,800. வீட்டுக்கு வாங்குபவருக்கு அந்த வித்தியாசம் உறைக்கும். ஸ்டுடியோ, சவுண்ட் சர்வீஸ்காரர்கள் பதிவு பெற்றவர்களாக இருந்தால் அந்த வரியைக் கழித்துக்கொள்வார்கள், உங்களிடம் பில்லும் கேட்பார்கள். யாருக்கு விற்கப் போகிறீர்கள் என்பதைப் பார்த்து முடிவெடுங்கள். விற்றுமுதலில் ஒரு சிறு சதவீதத்தை மட்டும் கட்டும் காம்போசிஷன் முறையில் உற்பத்தியாளருக்கு வரி 1 சதவீதம்தான், ஆனால் வெளிமாநில விற்பனை கூடாது, வாங்கும்போது கட்டிய வரியையும் கழிக்க முடியாது. பதிவே இல்லாதவர் பில்லில் ஜிஎஸ்டி என்று போட்டு வசூலிப்பது குற்றம்.

அட்டைப்பெட்டியில் அடைத்து வைத்து விற்றால் பொட்டலப் பொருள் விதிகளும் உண்டு. தயாரிப்பாளர் பெயர், முகவரி, பொருளின் பெயர், எண்ணிக்கை, தயாரித்த மாதமும் ஆண்டும், எல்லா வரிகளும் உட்பட எம்ஆர்பி, புகாருக்கான தொலைபேசி, மின்னஞ்சல் ஆகியவை பெட்டி மேல் இருக்க வேண்டும். ஜோடியாக விற்றால் '2 எண்' என்று எழுதுங்கள். பொட்டலமிடத் தொடங்கிய 90 நாளுக்குள் 500 ரூபாய் கட்டிப் பதிவு செய்ய வேண்டும். தமிழ்நாட்டில் இது தொழிலாளர் துறையின் பொறுப்பு. ஓம், வாட்ஸ் எண்களை நேர்மையாகப் போடுவதும் முக்கியம். 8 ஓம் ஊஃபர் இரண்டை இணையாக இணைத்தால் கிடைப்பது 4 ஓம். பெட்டியில் 8 என்று ஒட்டி அனுப்பினால் வாங்கியவரின் ஆம்ப்ளிஃபயர் சூடேறி எரியலாம். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் சட்டப்படி அந்த இழப்பீட்டை உங்களிடம்தான் கேட்பார்.

கடனுக்கு, சிறு தொழில்களுக்கு வங்கிகள் வழியே கிடைக்கும் முத்ரா திட்டம் போதும். சிசு பிரிவில் 50,000 வரை, கிஷோரில் 5 லட்சம் வரை, அடமானம் இல்லாமல். அறுக்கும் இயந்திரம், ரவுட்டர், கிளாம்ப், அளவிடும் மைக் எல்லாம் இதற்குள் அடங்கும். மானியம் வேண்டுமென்றால் பிஎம்இஜிபி (பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கத் திட்டம்), உற்பத்திக்கு 50 லட்சம் வரையிலான திட்டச் செலவுக்கு. நகர்ப்புறப் பொதுப் பிரிவினருக்கு 15 சதவீதம், கிராமப்புறத்தில் 25. பெண்கள், பட்டியலினத்தவர், பிற்படுத்தப்பட்டோர், மாற்றுத்திறனாளிகள் உள்ளிட்டோருக்கு 25, கிராமத்தில் 35. இந்த அளவு மானியம் புதிய தொழிலுக்கு மட்டுமே. ஏற்கெனவே நடக்கும் தொழிலுக்குக் கிடைக்காது. மானியம் வாங்கும் எண்ணம் இருந்தால் முதலில் விண்ணப்பம், பிறகு உற்பத்தி. மானியத் தொகை மூன்று ஆண்டு வங்கியிலேயே வைப்பாக இருக்கும், கையில் வராது.

அரசு ஊழியர் துறையின் முன் அனுமதியில்லாமல் வியாபாரம் செய்யக்கூடாது. மனைவி பெயரில் செய்தாலும் துறைக்குத் தெரிவிக்க வேண்டியிருக்கும். தனியார் ஊழியர் பணி நியமனக் கடிதத்தில் பகுதிநேர வேலைக்குத் தடை இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளவும். சம்பளத்தோடு இந்த வருமானமும் வந்தால், வருமான வரிக் கணக்கை ஐடிஆர்-1 படிவத்தில் போட்டால் செல்லாது. உத்தேச லாப முறையில் ஐடிஆர்-4 போடலாம். அதில் வங்கி, யூபிஐ வழி வந்த விற்பனைக்கு 6 சதவீதமும், ரொக்கத்துக்கு 8 சதவீதமும் குறைந்தபட்ச லாபமாகக் காட்ட வேண்டும்.