அம்பது ரூபா டோர்னமென்ட்டும் முதல் அரை மணி நேரமும்

நான் இதுவரைக்கும் காசு வெச்சு ஒரு கை போக்கர் கூட ஆடினதில்ல. தீபாவளிக்கு சித்தப்பா வீட்டுல பாய விரிச்சு ரம்மி போட்டதோட நம்ம சீட்டாட்டம் சரி. ஆனா மனநல டாக்டரா உக்காந்துகிட்டு எதிர்ல இருக்கறவங்க ராத்திரி ஆடின ஆட்டத்த கை கையா சொல்லச் சொல்லக் கேட்டு, எந்த கார்டு வந்தா மடக்கணும், அதாவது அந்த கைய ஆடாம விட்டுடணும்ங்கறது எனக்கு இப்ப ஓரளவு தெரியும், இத வெளில சொல்லிக்காதன்னு வீட்டுக்காரர் சொல்லுவாரு.

போக்கர்ல பெரிய டேபிள் தான் ஆபத்து, லட்சக்கணக்குல ஆடுறவன் தான் அழிவான்னு எல்லாரும் நினைக்கறாங்க. என் ரூமுக்கு வர்றவங்க அப்படி இல்ல. ஃபோன்ல 20 ரூபா, 50 ரூபா என்ட்ரி கட்டி டோர்னமென்ட் ஆடிட்டு, "ஒரு டீ பஜ்ஜி காசு தான மேடம்" னு சொல்ற ஆளுங்க. அவங்க காசு போறது கடைசி வரைக்கும் நிக்கறவங்க ஆடுற ஃபைனல் டேபிள்ல இல்ல, முதல் அரை மணி நேரத்துல. அத கொஞ்சம் விவரமா சொல்றேன், கேஸ ரெண்டு மூணு பேர் கதைய கலந்து ஆள் தெரியாத மாதிரி மாத்தியிருக்கேன்.

2024 கடைசில ஒரு தம்பி வந்தாரு, முப்பது வயசு கூட இல்ல, டூ-வீலர் ஸ்பேர் பார்ட்ஸ் கடைல பில் போடுற வேலை. அவரா வரல, அவர் வொய்ஃப் கூட்டிட்டு வந்தாங்க. "மேடம் இவரு தூங்கறதே இல்ல, கேட்டா அம்பது ரூபா கேம் தான்டின்னு சொல்றாரு, அம்பது ரூபாய்க்கு ஏன் மேடம் என் வளையல் அடகு கடைல இருக்கு?" இதுக்கு மேல நான் கேஸ் ஹிஸ்டரி எழுதவே வேண்டியதில்ல போங்க.

அவர் ஃபோன்ல பழைய கைங்க எல்லாம் ரெக்கார்டா இருந்துச்சு. ஒண்ண எடுத்துக் காட்ட சொன்னேன். டோர்னமென்ட் ஆரம்பிச்சு ஆறாவது கை. எல்லாருக்கும் 10,000 சிப்ஸ், இது தான் ஆட்டத்துக்குள்ள காசு மாதிரி, தீர்ந்தா அவுட். பிளைண்ட் 50/100, அதாவது ஒவ்வொரு கையிலயும் ரெண்டு பேர் கட்டாயமா போட வேண்டியது, ஒருத்தர் 50, ஒருத்தர் 100. அந்த பெரிய பிளைண்ட் மாதிரி நூறு மடங்கு கையில இருக்கு, எந்த அவசரமும் இல்ல. ஆளுக்கு ரெண்டு கார்டு, இவருக்கு ஏஸும் ஜாக்கும், வேற வேற ஜாதி. இவருக்கு அப்புறம் பேச வேண்டியவங்க ஏழு பேர் மிச்சம் இருக்காங்க, இவர் 300 க்கு ரெய்ஸ் பண்ணாரு, அதாவது பந்தயத்த ஏத்தினாரு. கடைசி சீட்டுல ஒருத்தன் கால், அதாவது அதே அளவு போட்டு கூட நின்னான், பெரிய பிளைண்ட்ல ஒருத்தன் கால். ஃப்ளாப்ல, அதாவது எல்லாருக்கும் பொதுவா நடுவுல விரிக்கற முதல் மூணு கார்டுல, ஏஸ், 9, 4 விழுந்துது. ஏஸ் விழுந்த உடனே நம்மாளுக்கு கண்ணு அகலமாயிடுச்சு. 600 போட்டாரு, ஒருத்தன் போயிட்டான், கடைசி சீட்டுக்காரன் அமைதியா கால் பண்ணான். அடுத்து நாலாவது பொதுக் கார்டு, 7. இவர் 1,500 போட, அவன் 4,500 ஆக்கினான், இவர் ஒரு செகண்ட் யோசிக்கல, ஆல்-இன், மிச்சம் இருந்த சிப்ஸ் எல்லாத்தையும் தள்ளிட்டாரு. அவன் கையில 4 ஜோடி. கீழ ஏற்கெனவே ஒரு 4 கிடக்கு, மூணு 4, அது இவரோட ஏஸ் ஜோடிய அடிச்சிடும். ரிவர்ல, அதாவது கடைசி பொதுக் கார்டுல, என்ன வந்தாலும் இவருக்கு பொழப்பில்ல.

"அவன் எப்படி மேடம் 4 ஜோடிய வெச்சுகிட்டு கால் பண்ணலாம்? முட்டாப்பய" ன்னு வந்து ரெண்டு மாசம் ஆகியும் கோவம் அடங்கல.

ஆனா முட்டாள் அவன் இல்ல. கையில ஒரு சின்ன ஜோடி இருந்தா ஃப்ளாப்ல மூணாவது விழ எட்டரைக்கு ஒரு தரம் தான் சான்ஸ். ஆரம்பத்துல எல்லார் கையிலயும் சிப்ஸ் நிறைய இருக்கறதால 300 குடுத்து பார்த்துட்டு, விழலன்னா பேசாம மடக்கிட்டு, விழுந்தா எதிராளி மொத்தத்தையும் வாங்கிக்கலாம். அந்த கை அந்த நேரத்துக்குன்னே பொறந்த கை. நம்மாளு ஒரே ஒரு ஏஸ் ஜோடிய வெச்சுகிட்டு நூறு பிளைண்டயும் நடுவுல தள்ளினது தான் தப்பு, அதுவும் எதிராளி திருப்பி ஏத்தினதுக்கு அப்புறம். இத சொன்னப்ப அவர் கொஞ்ச நேரம் பேசல, அப்புறம் "தெரியும் மேடம், யூடியூப்ல பார்த்திருக்கேன்" ன்னாரு.

தெரியும்! இங்க தான் எனக்கு சுவாரஸ்யமே. தெரியாதவன்னா சொல்லிக்குடுத்தா முடிஞ்சுது. இவருக்கு தெரியும், ஆனா கை கேக்கல.

ஏன்னா ஆரம்பக் கட்டத்துல சரியா ஆடறதுன்னா சும்மா இருக்கறது. ஒம்பது பேர் டேபிள்ல நிதானமா ஆடுறவன் நூத்துக்கு பதினஞ்சு இருபது கை தான் ஆடுவான், மிச்சம் எல்லாம் மடக்கு, ரம்மில ஸ்கூட் விடுற மாதிரி. ஆன்லைன்ல அரை மணி நேரத்துல முப்பது முப்பத்தஞ்சு கை வரும்னு வெச்சுக்கங்க, அதுல ஏதோ ஒரு ஜோடி வர்றது பதினேழு கைக்கு ஒண்ணு, அதாவது ரெண்டு தரம். ரெண்டு ஏஸ் வர்றது 221 கைக்கு ஒண்ணு, அன்னைக்கு வராமலே போகலாம். ஆக இருபத்தஞ்சு கைக்கு மேல மடக்கிட்டு அடுத்தவன் ஆடறத பார்த்துகிட்டு உக்காந்திருக்கணும். இந்த தம்பி எதுக்கு ராத்திரி பதினோரு மணிக்கு ஃபோன எடுத்தாரு? கடைல ஓனர் திட்டினது, வட்டி, குழந்தைக்கு ஸ்கூல் ஃபீஸ், இதெல்லாம் தலையில ஓடாம இருக்க. சும்மா உக்காந்தா அது ஓடும். அப்ப அவருக்கு மடக்கறது தான் உலகத்துலயே கஷ்டமான விஷயம், ஏஸ்-ஜாக் வந்தா அது பெரிய கை மாதிரி தெரியும், கிங்-9 வந்தாலும் "பார்க்கலாமே" ன்னு தோணும். மனசு பாரத்தோட வர்றவன் அந்த முதல் அரை மணி நேரத்த சரியா ஆடவே முடியாது, எத்தனை வீடியோ பார்த்தாலும்.

2023 நவம்பர்ல மெட்ராஸ் ஹைகோர்ட் ரம்மியும் போக்கரும் திறமை விளையாட்டுன்னு சொல்லி தமிழ்நாட்டு சட்டத்தோட தடைப் பட்டியல்ல இருந்து எடுத்துச்சு. அது அப்ப இருந்த சட்டம், நான் அதுல தலையிடல. போக்கர்ல திறமை இருக்கு, நிச்சயமா இருக்கு. ஆனா ராத்திரி ஒண்ணரை மணிக்கு கடன்காரன் மெசேஜ பார்த்துட்டு ஆடுறவன்கிட்ட அந்த திறமை இருக்கான்னு தான் என் கேள்வி.

அடுத்து அந்த பட்டன். தோத்த உடனே ஸ்க்ரீன்ல "ரீ-என்ட்ரி" ன்னு ஒரு பட்டன், பக்கத்துலயே செகண்ட் குறைஞ்சுகிட்டே வரும். ஆரம்பக் கட்டம் முடியற வரைக்கும், இவர் ஆடினதுல ஒண்ணரை மணி நேரம், எத்தனை தரம் வேணாலும் மறுபடி காசு கட்டி உள்ள வரலாம். கோவம் உச்சில இருக்கற அதே நிமிஷத்துல பட்டன நீட்டறாங்க பாருங்க, இத டிசைன் பண்ணவன் எங்க படிப்ப நல்லா படிச்சிருக்கணும். "ரீ-என்ட்ரி இருக்குல்ல" ங்கற நினைப்பே முதல் கைல இருந்து ஆட்டத்த மாத்திடுது, உயிர் ஒண்ணு தான்னு இருந்தா அந்த ஏஸ்-ஜாக்க அப்படி தள்ளியிருக்க மாட்டாரு.

என் ப்ரிஸ்கிரிப்ஷன் பேட குடுத்து, தம்பி நீங்க தான பில் போடுறவர், நேத்து ராத்திரிக்கு ஒரு பில் போடுங்கன்னேன். முதல்ல சிரிச்சாரு. அப்புறம் கடைல எழுதற மாதிரியே அயிட்டம், எண்ணிக்கை, ரேட்டுன்னு கோடு போட்டு எழுதினாரு. ஒரே நேரத்துல மூணு டோர்னமென்ட். ஒவ்வொண்ணுலயும் முதல் என்ட்ரி ஒண்ணு, ரீ-என்ட்ரி ஏழு, மொத்தம் எட்டு. எட்டு மூணு இருபத்தி நாலு, அம்பதால பெருக்கினா 1,200. கீழ ரெண்டு கோடு போட்டாரு. மாசத்துல எத்தனை ராத்திரின்னு கேட்டேன், இருபத்திரெண்டுன்னாரு. 26,400. அந்த மாசம் ஒரு தரம் 4,200 ஜெயிச்சிருந்தாரு, அத கழிச்சா 22,200. சம்பளம் 18,000. பேனாவ மூடி வெச்சுட்டு வொய்ஃப் பக்கம் திரும்பாமலே உக்காந்திருந்தாரு. ஞாபகத்துல இருந்தது அந்த 4,200 ம், "அம்பது ரூபா" வும் மட்டும் தான், நடுவுல இருந்த எட்டையும் மூணையும் இருபத்திரெண்டையும் காணோம்.

ஆரம்பத்துலயே தோக்கறது ஒரு கண்ணின்னா, ஆரம்பத்துலயே ஜெயிக்கறது இன்னொண்ணு. முதல் பத்து நிமிஷத்துல சிப்ஸ் ரெட்டிப்பாயிட்டா அன்னைக்கு நான் தான் ராஜான்னு ஒரு மிதப்பு வரும். டோர்னமென்ட்ல அந்த ரெட்டிப்புக்கு அவ்வளவு மதிப்பு கிடையாது, பிளைண்ட் ஏற ஏற 20,000 சிப்ஸ் ஒண்ணுமில்லாம போயிடும், பரிசு வர்ற இடத்துக்கு இன்னும் மணிக்கணக்கு இருக்கு. ஆனா மண்டைக்கு அந்த கணக்கு தெரியாது. என்கிட்ட வர்றவங்கள்ல நிறைய பேர் பழகின புதுசுல ஒரு நல்ல தொகை அடிச்சவங்க, அத பேசும்போது முகமே மாறும்.

மூணாவதா இந்த "ஜஸ்ட்டு மிஸ்ஸு". கையில ரெண்டு ஆர்ட்டின், ஃப்ளாப்ல ரெண்டு ஆர்ட்டின், இன்னும் ஒண்ணு வந்தா அஞ்சும் ஒரே ஜாதி, ஃப்ளஷ். மிச்ச ரெண்டு கார்டுல அது வர சான்ஸ் நூத்துக்கு முப்பத்தஞ்சு, அதாவது மூணுல ரெண்டு தரம் வராது. வராதப்ப மூளை அத தோல்வின்னு எடுத்துக்காம "கிட்ட வந்துட்டோம்" ன்னு எடுத்துக்குது. 2009-ல கேம்பிரிட்ஜ்ல ஸ்லாட் மெஷின் மாதிரி ஒரு ஆட்டத்த ஸ்கேனர்க்குள்ள ஆட வெச்சு பார்த்தாங்க, மயிரிழைல தவறினப்ப ஆடினவங்களுக்கு பிடிக்கல, எரிச்சல் தான், ஆனா ஜெயிக்கும்போது வேலை செய்யற மூளைப் பகுதிங்களே அப்பவும் வேலை செஞ்சுது, இன்னொரு தரம் ஆடணும்ங்கற ஆசையும் ஏறிச்சு. எரிச்சலும் ஆசையும் ஒண்ணா. நம்ம தம்பி ரீ-என்ட்ரி அழுத்தின ஒவ்வொரு தரமும் அதான்.

இது பழக்கதோஷம், ஒழுக்கக்கேடுன்னு வீட்டுல திட்டுவாங்க. மனநோய்ங்கள வகைப்படுத்தற அமெரிக்க கையேடு, 2013-ல வந்த டிஎஸ்எம்-5 ல, சூதாட்ட நோய குடி, போதை இருக்கற அதே அத்தியாயத்துக்குள்ள கொண்டு வந்தாச்சு. என் ரூம்ல முதல்ல ரெண்டு கேள்வி தான் கேப்பேன், இது நான் கண்டுபிடிச்சதில்ல, பல வருஷமா உலகம் பூரா கேக்கறது. காச ஏத்திகிட்டே போகணும்னு எப்பவாவது தோணியிருக்கா? எவ்வளவு ஆடினீங்கங்கறத வேண்டியவங்ககிட்ட மறைச்சு பொய் சொல்ல வேண்டி வந்திருக்கா? ஒண்ணுக்கு ஆமான்னாலும் உக்காந்து பேசணும். தம்பி ரெண்டுக்கும் தலையாட்டினாரு.

2025 ஆகஸ்ட்ல மத்திய சட்டம் வந்து காசு வெச்சு ஆடுற ஆன்லைன் கேம் எல்லாத்தையும், திறமையோ அதிர்ஷ்டமோ, தடை பண்ணிட்டாங்க, பெரிய ஆப்ங்க நிறுத்திடுச்சு. கூட்டம் குறைஞ்சிருக்குமேன்னு ஃப்ரெண்ட்ஸ் கேக்கறாங்க. சில பேர் நிஜமாவே தப்பிச்சாங்க. சில பேர் டெலிகிராம் லிங்க் வழியா வெளிநாட்டு சைட்டுக்கு போயிட்டு, இப்ப போலீஸ் பிடிக்குமோன்னு பயந்து யார்கிட்டயும் சொல்லாம இருக்காங்க, இது முன்னயவிட மோசம். அந்த மத்திய சட்டத்துல தண்டனை நடத்துறவங்களுக்கும் விளம்பரம் பண்றவங்களுக்கும் காசு கை மாத்தி விடுறவங்களுக்கும் தான், ஆடினவனுக்கு இல்ல. டாக்டர்கிட்ட சொன்னா கேஸ் ஆகாது. பயப்படாம வாங்க.

அந்த தம்பிக்கு என்ன பண்ணோம்னா, பெருசா ஒண்ணுமில்ல. சம்பளம் வொய்ஃப் அக்கவுண்ட்டுக்கு, இவர் ஃபோன்ல யூபிஐ லிமிட் ஒரு நாளைக்கு 200, ராத்திரி பத்துக்கு ஃபோன் ஹால்ல சார்ஜ்ல, கடன் மொத்தமும் ஒரே பேப்பர்ல, ஒளிச்சு வெச்சிருந்த மூணு லோன் ஆப் உட்பட. தூக்கத்துக்கு கொஞ்ச நாள் மாத்திரை. வாராவாரம் கவுன்சிலிங். நடுவுல ரெண்டு தரம் சறுக்கினாரு, ரெண்டு தரமும் அவரே வந்து சொன்னாரு. ஒரு விசிட்ல மெதுவா, "காசு இல்லாத ஃப்ரீ கேம் மட்டும் ஆடட்டுமா மேடம், இப்ப மடக்க கத்துகிட்டேன்" ன்னாரு. வொய்ஃப் என்னைய பார்த்தாங்க. இந்த வருஷம் வேணாம் தம்பின்னேன்.

வீட்டுல யாராவது கடன் தொல்லைல "நான் இருந்து என்ன பிரயோஜனம்" ங்கற மாதிரி பேச ஆரம்பிச்சா அப்பாயின்ட்மென்ட்டுக்கு காத்திருக்காதீங்க, அன்னைக்கே எந்த கவர்மென்ட் ஆஸ்பத்திரிக்காவது கூட்டிட்டு போங்க, இல்ல கவர்மென்ட்டோட மனநல உதவி ஃபோன் லைன் டெலி மானஸ் 14416 க்கு அடிங்க, எந்த நேரமும் எடுப்பாங்க, தமிழ்ல பேசலாம், காசு கிடையாது. மத்தபடி முதல் விசிட்டுக்கு வர்றவங்க மூணு மாச பேங்க் ஸ்டேட்மென்ட்ட பிரிண்ட் போட்டு எடுத்துட்டு வாங்க. ஃபோன்ல காட்டறேன்னு சொல்லாதீங்க, ஃபோன்ல விரல் வேகமா ஓடிடும். பேப்பர்னா 50, 50, 50 ன்னு வரிசையா நிக்கும், ஒரு மஞ்ச ஹைலைட்டர் நான் தரேன்.