கார்ட்லெஸ் மைக்கின் இரண்டு விளக்குகள்

மேடையில் கார்ட்லெஸ் மைக் நின்றுபோனால் முதலில் அதன் தலையில் தட்டுவார்கள். அப்புறம் ஊதுவார்கள். தட்டத் தட்ட அடிபடுவது உள்ளே இருக்கும் மெல்லிய சவ்வுதான். இத்தனை வருட மைக் செட் வேலையில், நின்றுபோன மைக்கில் மைக்கே பழுதாகி நான் பார்த்தது கொஞ்சம்தான்.

கையில் பிடிப்பது டிரான்ஸ்மிட்டர். எல்லா மைக் சத்தத்தையும் சேர்த்து ஸ்பீக்கருக்கு அனுப்பும் மிக்சர் பக்கத்தில் இரண்டு ஆன்டெனாவோடு நிற்கும் பெட்டி ரிசீவர். பெரும்பாலான ரிசீவரில் ஆர்.எஃப்., ஏ.எஃப். என்று இரண்டு விளக்குகள் இருக்கும். ஆர்.எஃப். எரிந்தால் ரேடியோ அலை வந்து சேர்கிறது, ஏ.எஃப். எரிந்தால் அந்த அலையில் குரலும் இருக்கிறது. இரண்டுமே எரியவில்லையா? பேட்டரியையும் சேனலையும் பாருங்கள். ஆர்.எஃப். மட்டும் எரிந்தால் மைக் மியூட்டில் இருக்கலாம். இரண்டும் எரிந்தும் சத்தமில்லை என்றால் மைக்கை விட்டுவிட்டு கேபிளையும் மிக்சரையும் தேடுங்கள்.

ஒருமுறை மாடியில் முகூர்த்தம். மந்திரம் முடிந்ததும் மைக்கை யாரோ அணைத்தார்கள். அடுத்த நொடி எங்கள் ஸ்பீக்கரில், "ரெண்டாவது பந்திக்கு வாங்க" என்று கீழ்தளத்து டைனிங் ஹால் குரல்! இரண்டு மைக்கும் ஒரே அலைவரிசை. எங்கள் மைக் அருகில் இருந்தவரை அதன் அலைதான் ரிசீவரை நிறைத்திருந்தது. அது அணைந்ததும் கீழே இருந்தது உள்ளே நுழைந்துவிட்டது. அன்றிலிருந்து மிக்சரில் சத்தத்தை ஏற்றி இறக்கும் ஃபேடரை இறக்காமல் யாரையும் மைக்கை அணைக்க விடுவதில்லை.

வலுவில்லாத அலையும் இரைச்சலும் வந்தால் ரிசீவர் வாயை மூடிக்கொள்வதற்குப் பெயர் ஸ்குவெல்ச். அதை அதிகம் ஏற்றினால் மைக் எட்டும் தூரம் குறையும்.

பலர் சறுக்குவது இன்டர்மாடுலேஷனில். 650, 651 மெகாஹெர்ட்ஸில் இரண்டு மைக் பக்கத்தில் பக்கத்தில் ஓடினால், அவை கலந்து 649, 652 என்ற இடங்களிலும் அலை பிறக்கும். மூன்றாவது மைக்கை 652-ல் வைத்தால் கரகரப்புதான். சம இடைவெளி பார்க்க அழகாக இருக்கும், ரேடியோவுக்கு ஆகாது. அதனால் ஒன்றோடொன்று மோதாத சேனல்களைச் சேர்த்துவைத்த ஒரே குரூப்பில் வெவ்வேறு சேனல் எடுங்கள். தயாரித்தவர்களே கணக்குப் போட்டு ஒதுக்கியிருப்பார்கள்.

குரல் விட்டு விட்டு வருவது டிராப்-அவுட். இரண்டு ஆன்டெனாவில் நல்ல அலை வரும் பக்கத்தை எடுத்துக்கொள்வது டைவர்சிட்டி. ஆனால் ரிசீவரை இரும்பு பீரோவுக்குப் பின்னால் ஒளித்துவைத்தால் அதுவும் என்ன செய்யும்? மனித உடம்பும் அலையை உறிஞ்சும். மேடை கண்ணுக்குத் தெரியும் இடத்தில், கூட்டத்தின் தலைக்கு மேல் வையுங்கள். கைமைக்கின் ஆன்டெனா பெரும்பாலும் அடிப்பாகத்தில் இருக்கும். அங்கே பொத்திப் பிடிக்காதீர்கள். தலையைப் பொத்தினால் விசில் அடிக்கும்.

பழைய செட் வாங்குகிறவர்கள் விலைக்கு முன்னால் அடியில் ஒட்டியிருக்கும் லேபிளைப் படியுங்கள். 703 முதல் 748, 758 முதல் 803 மெகாஹெர்ட்ஸுக்குள் இருந்தால் வாங்க வேண்டாம். 2022 ஏலத்துக்குப் பிறகு இந்த 700 பட்டையில் 5ஜி ஓடுகிறது. மண்டபம் நிறைய செல்போன் வந்ததும் மைக் திணறும்.

என் பெட்டியில் ஒவ்வொரு மைக்கிலும் ஒரு துண்டு பேப்பர் டேப் ஒட்டியிருக்கும். அதில் சேனல் எண்ணும் பேட்டரி மாற்றிய தேதியும்.