தெர்மாக்கோல் விமானத்துக்கும் ட்ரோன் விதியா? பொழுதுபோக்காகப் பறக்கவிடுவோருக்கு எது விலக்கு, எது கட்டாயம்

ஃபோம்போர்டை வெட்டி, க்ளூ கன்னால் ஒட்டி, மோட்டாரும் பேட்டரியும் பொருத்தி, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் திடலுக்கு எடுத்துச் செல்கிறீர்கள். நாலு பேர் கூடுகிறார்கள். அவர்களில் ஒருவர், "இதற்கெல்லாம் பர்மிஷன் வாங்க வேண்டாமா?" என்று கேட்கிறார். பக்கத்தில் நிற்பவர், "இது பொம்மைதானே, ட்ரோனுக்குத்தான் சட்டம்" என்று பதில் சொல்கிறார். இருவர் சொல்வதிலும் பாதி சரி, பாதி தவறு.

இந்தியாவில் இதை ஆள்வது 2021 ஆகஸ்ட் 25 அன்று வெளியான ட்ரோன் விதிகள், 2021. அதே ஆண்டு மார்ச்சில் வந்திருந்த கெடுபிடியான விதிகளை நீக்கிவிட்டு, படிவங்களையும் கட்டணங்களையும் குறைத்து மத்திய விமானப் போக்குவரத்து அமைச்சகம் கொண்டுவந்தது இது. நான்கு விசிறி வைத்துச் செங்குத்தாக எழும்புவதுதான் ட்ரோன் என்று நாம் பேச்சில் வைத்திருக்கிறோம். விதி அப்படிப் பார்க்கவில்லை. ஆள் ஏறாமல் பறக்கும் எல்லாமே அதற்கு ஆளில்லா வானூர்திதான். இறக்கை உள்ளவை, சுழல்விசிறி உள்ளவை, இரண்டும் கலந்தவை என்று மூன்றாக வகை பிரித்து, அவற்றில் முதல் வகையிலேயே நம் விமானத்தைச் சேர்த்துவிடுகிறது. ஆகவே "இது ட்ரோன் இல்லை, ஏரோப்ளேன்" என்று காவலரிடம் வாதாடிப் பயனில்லை.

ஆனால் அதே விதி நமக்கென்று ஒரு சின்னக் கதவையும் திறந்து வைத்திருக்கிறது. அதன் பெயர் "மாதிரி வானூர்தி". மொத்த எடை 25 கிலோவைத் தாண்டக் கூடாது. கல்வி, ஆராய்ச்சி, வடிவமைப்பு, சோதனை, பொழுதுபோக்கு ஆகியவற்றுக்கு மட்டுமே பயன்பட வேண்டும். கண்பார்வைக்குள்ளேயே இயக்கப்பட வேண்டும். இந்த மூன்றும் சேர்ந்திருந்தால்தான் அது மாதிரி வானூர்தி. ஒன்று தவறினாலும் கதவு மூடிக்கொள்ளும்.

கதவுக்குள் நுழைந்தால் கிடைப்பது வகைச் சான்றிதழிலிருந்து விலக்கு. ஒரு ட்ரோன் மாடலை ஆய்வுக்கு அனுப்பி, அது தரமானது என்று வாங்கப்படும் சான்று அது. பெரிய நிறுவனங்கள் ஒரு மாடலுக்கு ஒருமுறை வாங்குகிற சங்கதி. பால்சா மரத்தையும் தெர்மாக்கோலையும் வைத்துக் கையால் ஒன்றே ஒன்று செய்கிறவரிடம் அதைக் கேட்பது நடைமுறைக்கு ஒவ்வாது என்பதை விதி எழுதியவர்கள் உணர்ந்திருக்கிறார்கள். நல்ல விஷயம். ஆனால் விலக்கு இந்த ஒன்றுக்குத்தான். "மாடல் என்றால் எதுவுமே வேண்டாம்" என்று பலர் சொல்லிக்கொண்டு திரிவது தவறு. பதிவு, பறக்கும் இடம், உயரம், காப்பீடு ஆகிய எல்லாம் நமக்கும் உண்டு.

தராசில் தொடங்குங்கள்

எந்த விதி பொருந்தும் என்பதை எடைதான் முடிவு செய்கிறது. 250 கிராம் வரை நானோ. அதற்கு மேல் 2 கிலோ வரை மைக்ரோ. 2 கிலோவுக்கு மேல் 25 கிலோ வரை சிறிய வகை. இதற்கு மேலும் இரண்டு வகைகள் உண்டு, அவை நமக்கு வேண்டாம்.

எடை என்றால் பறக்கும்போது இருக்கும் மொத்த எடை. பேட்டரியும் சேர்ந்துதான். மின்சார விமானத்தில் இது சாதாரண விஷயம் இல்லை. 1.2 மீட்டர் இறக்கை நீளமுள்ள ஒரு பயிற்சி விமானத்தைச் சமையலறைத் தராசில் வைத்துப் பாருங்கள். ஃபோம் உடலும் இறக்கையும் 330 கிராம். மோட்டார் 52. மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஈஎஸ்சி 28. இறக்கை, வால் மடிப்புகளை அசைக்கும் ஒன்பது கிராம் சர்வோ நான்கு, ஆக 36. கையிலுள்ள கருவியின் சிக்னலை வாங்கும் ரிசீவர் 12, ப்ரொப்பெல்லர் 15, கம்பிகளும் சக்கரமும் டேப்பும் 45. மொத்தம் 518. இனி மூன்று செல், 2200 எம்ஏஹெச் லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரியை வைத்தால் கிட்டத்தட்ட 700 கிராம். கால்வாசிக்கு மேல் பேட்டரியின் எடைதான்.

எல்லைக்கோட்டில் நிற்கும் விமானங்களுக்கு இது இன்னும் முக்கியம். 450 எம்ஏஹெச் பேட்டரியுடன் 228 கிராம் இருக்கும் ஒரு குட்டி விமானம் நானோ. இன்னும் சில நிமிடம் கூடுதலாகப் பறக்கட்டும் என்று 850 எம்ஏஹெச் பேட்டரியை மாற்றினால் 265 கிராம். அந்தக் கணத்திலிருந்து அது மைக்ரோ. விமானம் அதேதான், சட்டம் வேறு. எனவே உங்களிடமுள்ள பேட்டரிகளில் கனமானதை வைத்தே எடை பாருங்கள்.

இரண்டு கிலோ என்ற கோடு இதைவிடக் கடினமானது. பொழுதுபோக்குக்காக நானோ, மைக்ரோ விமானங்களை இயக்க ரிமோட் பைலட் சான்றிதழ் தேவையில்லை. முன்பு உரிமம் என்று அழைக்கப்பட்டதைத்தான் 2022 பிப்ரவரித் திருத்தம் சான்றிதழ் என்று மாற்றியது. ஆனால் 2 கிலோவைத் தாண்டினால் மாதிரி வானூர்திக்கும் சான்றிதழ் கட்டாயம். 18 முதல் 65 வயது, பத்தாம் வகுப்புத் தேர்ச்சி, அங்கீகரிக்கப்பட்ட பயிற்சி நிறுவனத்தில் பயிற்சி ஆகியவை அதற்கான நிபந்தனைகள். சான்றிதழ் பத்தாண்டுகள் செல்லும். 2023 திருத்தத்துக்குப் பிறகு பாஸ்போர்ட் கட்டாயமில்லை. வாக்காளர் அட்டை, ரேஷன் அட்டை, ஓட்டுநர் உரிமம் போன்ற அரசு ஆவணங்களே போதும். அரசுக் கட்டணம் 100 ரூபாய்தான், பயிற்சிச் செலவு தனி. பொழுதுபோக்குக்காரருக்கு என் யோசனை ஒன்றுதான்: 2 கிலோவுக்குள்ளேயே கட்டுங்கள். ஆறு செல் பேட்டரி வைத்த பெரிய ஜெட் மீது ஆசை இருக்கும். முதல் சில வருடங்களுக்கு அந்த ஆசையை அடக்கிக்கொள்ளலாம்.

பதிவெண்

ஒவ்வொரு விமானத்துக்கும் தனி அடையாள எண் பெற வேண்டும். விதிகள் சொல்லும் டிஜிட்டல் ஸ்கை என்ற அரசு இணையத் தளத்தில் டி-2 படிவத்தில் விண்ணப்பம், கட்டணம் 100 ரூபாய். மாதிரி வானூர்திக்கு வகைச் சான்றிதழ்தான் விலக்கே தவிர, பதிவு விலக்கு இல்லை. இதில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள்.

பதிவெண்ணுடன் தயாரிப்பாளரின் வரிசை எண், பறப்பைக் கட்டுப்படுத்தும் கருவியின் வரிசை எண், தரையில் நாம் கையில் வைத்திருக்கும் கட்டுப்பாட்டுக் கருவியின் (டிரான்ஸ்மிட்டர்) வரிசை எண் மூன்றும் இணைக்கப்படும். நான்கு விசிறி ட்ரோனை மனத்தில் வைத்து எழுதப்பட்ட ஏற்பாடு என்பது அப்பட்டமாகத் தெரிகிறது. சாதாரணப் பயிற்சி விமானத்தில் தனியாகப் பறப்புக் கணினி எதுவும் கிடையாது. ரிசீவர் சொல்வதைச் சர்வோ செய்கிறது, அவ்வளவுதான். போதாக்குறைக்கு, நம்மில் பலர் ஒரே ரிசீவரைப் பழைய விமானத்திலிருந்து கழற்றிப் புதியதில் மாட்டுகிறவர்கள். பதிவான கருவியை மாற்றினால் அந்தத் தகவலையும் தளத்தில் மாற்ற வேண்டும் என்பதை நினைவில் வையுங்கள். கட்டி முடித்த அன்றே மோட்டார், ரிசீவர், டிரான்ஸ்மிட்டர் ஆகியவற்றின் ஸ்டிக்கர்களைப் படம் எடுத்து வைத்துக்கொள்வது நல்லது. விமானம் முட்புதரில் விழுந்து கிடக்கும் நேரத்தில் அந்த எண்ணைத் தேட முடியாது.

கல்லூரி, பள்ளிகளுக்குத் தனிச் சலுகை உண்டு. ஆராய்ச்சிக்காகப் பறக்கவிடும் கல்வி நிறுவனங்கள், தங்கள் கட்டுப்பாட்டிலுள்ள பச்சை மண்டல (முன் அனுமதி வேண்டாத பகுதி) வளாகத்துக்குள் பறந்தால், பதிவெண்ணும் சான்றிதழும்கூட இல்லாமல் இயக்கலாம். கல்லூரியில் ஏரோமாடலிங் மன்றம் இருந்தால் அதன் வழியே கற்றுக்கொள்வதே சிக்கனமான பாதை.

எங்கே, எவ்வளவு உயரம்

வானத்தைப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மூன்றாகப் பிரித்து அரசு வரைபடம் வெளியிட்டிருக்கிறது. பச்சையில் தரையிலிருந்து 400 அடி, அதாவது 120 மீட்டர் வரை யாரிடமும் முன் அனுமதி வேண்டாம். விமான நிலையச் சுற்றெல்லையிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டருக்குள் என்றால் அந்த உச்சி 200 அடியாக, 60 மீட்டராகக் குறையும். 8 கிலோமீட்டருக்கும் நெருங்கினால் தரையிலிருந்தே அனுமதி வேண்டும். மஞ்சளுக்கு வான் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் அனுமதி. சிவப்புக்கு மத்திய அரசின் அனுமதி. பொழுதுபோக்குக்காரர் இரண்டையும் மறந்துவிடலாம்.

தூரத்தை அளப்பதில் இரண்டு பிழைகள் நடக்கின்றன. பஸ் போகும் தூரத்தை எடுத்துக்கொள்கிறார்கள், கணக்கு நேர்க்கோட்டில். பயணிகள் முனையத்திலிருந்து அளக்கிறார்கள்; கணக்கு விமான நிலையத்தின் சுற்றெல்லையிலிருந்து. ஓடுபாதை எந்தப் பக்கம் நீள்கிறதோ அந்தப் பக்கம் சில கிலோமீட்டர் வித்தியாசம் வந்துவிடும். பயணிகள் விமானம் வராத இடம் என்பதற்காகவும் நிம்மதி கொள்ள முடியாது. சூலூர், தஞ்சாவூர், தாம்பரம் விமானப்படைத் தளங்கள், அரக்கோணத்திலும் உச்சிப்புளியிலும் உள்ள கடற்படை விமானத் தளங்கள் எல்லாம் கணக்கில் உண்டு.

வரைபடத்தைப் போன மாதம் பார்த்தது போதாது. அவசரத் தேவை என்றால் காவல் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத அதிகாரி ஒரு பகுதியை 96 மணி நேரம் வரை தற்காலிகச் சிவப்பு மண்டலமாக அறிவிக்கலாம். முக்கியத் தலைவர்கள் வரும்போது இது நடக்கும். மாவட்ட நிர்வாகம் பிறப்பிக்கும் தடையுத்தரவுகள் வேறு. புறப்படும் காலையில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். பச்சை மண்டலத்தில் காவல் நிலையத்தின் அனுமதி சட்டப்படி தேவையில்லை. இருந்தாலும் வழக்கமாகப் பறக்கும் திடல் என்றால் ஒருமுறை போய்ச் சொல்லிவைப்பது பின்னால் நிறையப் பேச்சை மிச்சப்படுத்தும். நிலத்துக்கு உரியவரின் சம்மதம் எப்படியும் வேண்டும்.

120 மீட்டர் என்பது தாராளமான உயரம். அங்கே 1.2 மீட்டர் விமானம் ஒரு காக்கை அளவுக்குத்தான் தெரியும். நம்மை நோக்கி வருகிறதா, விலகிப் போகிறதா என்பதே குழம்பும். பயிற்சி விமானத்துக்கு 40 மீட்டர் தாராளம். சிக்கல் மின்சார கிளைடர் வைத்திருப்பவர்களுக்கு. இருபது வினாடி மோட்டாரை ஓட்டி நிறுத்திவிட்டு, வெயிலில் சூடேறிய நிலத்திலிருந்து எழும் வெப்பக் காற்றில் அமர்த்தினால், அது பருந்து போலச் சுழன்று சுழன்று ஏறிக்கொண்டே போகும். நாம் எதுவும் செய்யாமலேயே எல்லை மீறல் நடந்துவிடும். சில கிராம் எடையுள்ள உயரமானி ஒன்றைப் பொருத்தி, 110 மீட்டரில் டிரான்ஸ்மிட்டர் ஒலி எழுப்புமாறு வைத்துவிட்டால் இந்தத் தொல்லை தீரும்.

கண்ணாடிக்குள் கேமரா காட்சியைப் பார்த்துப் பறக்கும் எஃப்பிவி பற்றிக் கேட்பவர்கள் அதிகம். மாதிரி வானூர்தி என்ற பெயரே கண்பார்வைக்குள் இயக்குவதைப் பொறுத்தது. கண்ணை மூடிக்கொண்டு கேமராவை நம்பிப் பறப்பவர் அந்தப் பெயரைக் கோர முடியாது என்பதே என் வாசிப்பு. அதேபோல், தேர்த்திருவிழாவைப் படம் எடுத்துத் தரக் காசு வாங்கினால் அது பொழுதுபோக்கு இல்லை. கதவு மூடிவிட்டது.

காப்பீடும் மற்றவையும்

நானோவுக்கு மட்டும் மூன்றாம் நபர் காப்பீடு தேவையில்லை. அதற்கு மேல் உள்ள எல்லாவற்றுக்கும் உண்டு. மோட்டார் வாகனச் சட்டத்தின் ஏற்பாடுகளையே விதி இதற்கும் பொருத்துகிறது. அதிகம் அலட்சியப்படுத்தப்படும் விதி இதுதான். அலட்சியப்படுத்தக் கூடாததும் இதுவே. 700 கிராம் விமானம் மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் வரும்போது முன்னால் நிமிடத்துக்குப் பல ஆயிரம் சுற்றுச் சுழலும் ப்ரொப்பெல்லர் இருக்கிறது. தெர்மாக்கோல் என்பது விமானத்தின் உடல் மட்டும்தான்.

ரேடியோவில், 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் குறைந்த சக்திக் கருவிகளுக்கு இந்தியாவில் உரிமம் தேவையில்லை. இன்றைய டிரான்ஸ்மிட்டர்களில் பெரும்பாலானவை அதில்தான் இயங்குகின்றன. நீண்ட தூரம் எட்டும் என்று 915 மெகாஹெர்ட்ஸ் கருவியை வெளிநாட்டிலிருந்து வரவழைப்பவர்கள் கவனிக்க வேண்டும். அது இங்கே உரிமம் இல்லாமல் பயன்படுத்தும் பட்டை அல்ல. இறக்குமதி பற்றியும் ஒரு சொல்: 2022 பிப்ரவரி 9 முதல் முழுமையான ட்ரோன்களையும், முழுதாகவோ பாதியாகவோ பிரித்த நிலையில் வருபவற்றையும் இறக்குமதி செய்யத் தடை, உதிரிபாகங்களுக்குத் தடையில்லை. மோட்டாரும் ஈஎஸ்சியும் சர்வோவும் வாங்கி நாமே கட்டுவதற்கு இப்படியும் ஒரு நியாயம் கிடைத்துவிட்டது.

விதி மீறினால் அபராதம் அதிகபட்சம் ஒரு லட்சம் ரூபாய். பிற சட்டங்களின்படி வரும் தண்டனை இதில் அடங்காது. 1934-ஆம் ஆண்டு விமானச் சட்டத்தின் இடத்தில் 2025 ஜனவரி 1 முதல் பாரதிய வாயுயான் அதினியம் நடைமுறையில் இருக்கிறது. ட்ரோன்களுக்கென்றே தனிச் சட்டம் கொண்டுவர 2025 செப்டம்பரில் ஒரு மசோதா வரைவும் மக்கள் கருத்துக்கு விடப்பட்டது.

விபத்து நடந்தால் 48 மணி நேரத்துக்குள் தளத்தின் வழியே விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநருக்குத் தெரிவிக்க வேண்டும். விற்றால் பதிவை வாங்குபவர் பெயருக்கு மாற்ற வேண்டும். தொலைந்தாலோ, சீர்செய்ய முடியாதபடி நொறுங்கினாலோ பதிவை நீக்கக் கோர வேண்டும். இரண்டுக்கும் டி-3 படிவம், மறுபடியும் 100 ரூபாய். முதல் மாதத்திலேயே மூக்கை மூன்று முறை உடைக்கும் பயிற்சியாளர் இதைப் படித்துப் பயப்பட வேண்டாம். மூக்கை ஒட்டி, இறக்கைக்கு டேப் சுற்றி, அடுத்த ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் எழும்பினால் அது அதே விமானம், அதே பதிவெண்.