எழுத்துத் தெரியாத பிள்ளைக்குத்தான் வாசித்துக் காட்ட வேண்டும்

பேச்சு பிந்திய பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கிளினிக்குக்கு வரும் பெற்றோரிடம் நான் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: வீட்டில் பிள்ளைக்குப் புத்தகம் வாசித்துக் காட்டுகிறீர்களா? மட்டக்களப்புக்குத் தெற்கே களுவாஞ்சிகுடியில் இருந்து வந்தாலும் சரி, வடக்கே வாழைச்சேனையில் இருந்து வந்தாலும் சரி, பெரும்பாலும் இரண்டு பதில்கள்தான் வரும். "இவனுக்கு இன்னும் எழுத்தே தெரியாதே மிஸ்" என்பது ஒன்று. "ஓம் மிஸ், ஆனா ஆவன்னா எல்லாம் எழுதப் பழக்கிட்டம்" என்பது மற்றது.

எதிரெதிராகத் தெரிந்தாலும் இரண்டு பதிலுக்கும் அடியில் கிடக்கும் எண்ணம் ஒன்றுதான். புத்தகம் என்பது எழுத்துப் படிப்பதற்கு; எழுத்துத் தெரியும்வரை அதற்கு வேலையில்லை. இந்த எண்ணத்தை மாற்ற வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன். வாசித்துக் காட்டுவது பிள்ளையின் காதுக்கான வேலை. கண்ணுக்கும் கைக்கும் பிறகு நேரம் இருக்கிறது.

காது எப்போதோ ஆயத்தமாகிவிடுகிறது. தாயின் வயிற்றில் ஆறாம் மாதத்தை ஒட்டியே பிள்ளை சத்தங்களைக் கேட்கத் தொடங்குகிறது. அமெரிக்காவில் 1986 இல் வெளியான ஆய்வு ஒன்றில், கர்ப்பிணித் தாய்மார் கடைசி ஆறு வாரம் ஒரே கதைப் பகுதியைத் தினமும் சத்தமாக வாசித்தார்கள். பிறந்த பிறகு, அந்தப் பிள்ளைகள் சூப்பியைச் சப்பும் வேகத்துக்கு ஏற்பப் பழைய பகுதியோ புதிய பகுதி ஒன்றோ ஒலிக்கும்படி வைத்தபோது, பழையதைக் கேட்பதற்காகவே அந்த வேகத்தை மாற்றிக்கொண்டார்கள். அந்த வயதில் கதை விளங்கியிருக்காது. ஓசை பதிந்திருந்தது.

எங்கள் பகுதிக்கு இது இன்னும் முக்கியம் என்று நான் நினைப்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. வீட்டில் பிள்ளை கேட்பது "அங்கால போகாத மனே", "மறுகா என்ன நடந்த?" என்கிற தமிழ். அது அருமையான தமிழ், பிள்ளையின் தாய்மொழி, அதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் தரம் 1 புத்தகத்தைத் திறந்தால் அங்கே "சென்றான்", "கூறினாள்", "அதன் பின்னர்" என்று இருக்கிறது. நாங்கள் யாரும் வீட்டில் "கூறினாள்" என்று கதைப்பதில்லை. இந்தத் தமிழை ஐந்து வயதில்தான் முதன்முதலாகச் சந்திக்கும் பிள்ளை ஒரே நேரத்தில் இரண்டு வேலை செய்ய வேண்டும்: எழுத்தைக் கூட்டவும் வேண்டும், கூட்டி வந்த சொல் என்னவென்று யோசிக்கவும் வேண்டும். கதை கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு இரண்டாவது பாரம் குறைவு. "சென்றான்" என்பதை அவன் ஏற்கனவே நூறு தரம் அம்மாவின் குரலில் கேட்டிருப்பான்.

இதே நிலைமை அரபு மொழியிலும் உண்டு. வீட்டு அரபு வேறு, புத்தக அரபு வேறு. பாலர் வகுப்புப் பிள்ளைகளுக்குப் புத்தக அரபில் இருக்கும் கதைகளைச் சில மாதங்கள் தொடர்ந்து வாசித்துக் காட்டிய ஆய்வு ஒன்று 1993 இல் வெளியானது. கதை கேட்ட பிள்ளைகள் கேட்டதை விளங்கிக்கொள்வதிலும், தாங்களே கதை சொல்வதிலும் மற்றவர்களை விட முன்னுக்கு நின்றார்கள். 'சின்னப் பிள்ளைக்குப் புத்தக மொழி கஷ்டம், விளங்காது' என்று அங்கேயும் பலர் நம்பி வந்ததுதான்.

கேட்டு விளங்கும் பழக்கம் எங்களுக்குப் புதிதல்ல. வைகாசி மாதத்தில் கண்ணகி அம்மன் கோயில்களில் கண்ணகியின் கதையைச் சொல்லும் வழக்குரையைப் படிக்கும்போது, பாட்டியின் மடியில் கிடக்கும் பிள்ளைக்கு அந்தத் தமிழில் பாதியும் விளங்காது. ஆனாலும் ஓசை காதில் ஏறுகிறது. காத்தான்குடியிலும் அக்கரைப்பற்றிலும் மூத்தம்மா சொல்லும் நபிமார் கதைகளைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகளும் இப்படித்தான். அந்தக் குரல்களின் இடத்தை இன்று போன் பிடித்துவிட்டதுதான் என் கவலை.

சரி, எப்படி வாசிப்பது? இங்கேதான் சற்று நிற்க வேண்டும். அமெரிக்காவில் 1988 இல் வெளியான இன்னோர் ஆய்வில், இரண்டு, இரண்டரை வயதுப் பிள்ளைகளின் பெற்றோரை இரண்டாகப் பிரித்தார்கள். இரு பக்கமும் கிட்டத்தட்ட ஒரே அளவுதான் வாசித்தார்கள். ஒரு பக்கத்துக்கு மட்டும் நிறுத்தி, கேட்டு, பிள்ளையின் சொல்லை நீட்டிச் சொல்லும் முறையைப் பழக்கினார்கள். ஒரே மாதத்தில் அந்தப் பக்கத்துப் பிள்ளைகளின் பேச்சு முந்திவிட்டது.

கிளினிக்கில் நான் தாய்மாருக்குச் செய்து காட்டுவது இதைத்தான். பிள்ளையை மடியில் அல்லது எதிரில், உங்கள் முகம் தெரியும்படி இருத்துங்கள். பக்கத்தில் நண்டுப் படம் இருக்கிறது. கீழே "நண்டு வளைக்குள் ஓடி ஒளிந்தது" என்று எழுதியிருக்கிறது. அதை அப்படியே, அவசரமில்லாமல் வாசியுங்கள். விரலைப் படத்தில் வையுங்கள். பிறகு வாயை மூடிக்கொண்டு காத்திருங்கள். மனதுக்குள் ஒன்றில் இருந்து ஐந்து வரை எண்ணுங்கள். எனக்குத் தெரிந்து பெற்றோருக்கு மிகவும் கஷ்டமான பகுதி இந்த ஐந்துதான், இரண்டு எண்ணுவதற்குள் "சொல்லு, சொல்லு, இது என்ன?" என்று தொடங்கிவிடுவார்கள். காத்திருந்தால் பிள்ளை ஏதோ ஒன்று தரும். "நந்து" என்று சொல்லலாம், கையால் நடந்து காட்டலாம், உங்கள் முகத்தை மட்டும் பார்க்கலாம். "நந்து" என்றால் "ஓம், நண்டு! பெரிய நண்டு. வளைக்குள்ள ஓடி ஒளிச்சிட்டு" என்று உங்கள் வீட்டுத் தமிழில் நீட்டிக் கொடுங்கள். "நந்து இல்ல, நண்டு, திருப்பிச் சொல்லு" என்று திருத்த வேண்டாம். சரியான உச்சரிப்பு உங்கள் பதிலுக்குள்ளேயே போய்ச் சேர்ந்துவிடும்.

அப்புறம் அடுத்த பக்கம். பிள்ளை முந்தின பக்கத்துக்கே திரும்பினால் நீங்களும் திரும்புங்கள். ஒரே புத்தகத்தை ஒரு மாதம் கேட்டால் ஒரு மாதமும் அதையே வாசியுங்கள். திரும்பத் திரும்பக் கேட்டுத்தான் சொல் நிலைக்கிறது. ஒரு வயதுப் பிள்ளை புத்தகத்தைக் கடிக்கும், கிழிக்கும், இரண்டு நிமிடத்தில் எழும்பி ஓடும். அந்த வயதுக்கு இரண்டு நிமிடமே போதும்.

போன் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். உலக சுகாதார நிறுவனம் 2019 இல் வெளியிட்ட வழிகாட்டல், இரண்டு வயதுக்குக் கீழே திரையே வேண்டாம் என்கிறது. இரண்டில் இருந்து நான்கு வயது வரை ஒரு நாளில் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் வேண்டாம் என்கிறது. பிள்ளை உட்கார்ந்திருக்கும் நேரத்தில் பெரியவர் ஒருவர் வாசித்துக் காட்டுவதையும் கதை சொல்வதையுமே அது பரிந்துரைக்கிறது. கார்ட்டூன் பார்த்துப் "புளூ, ரெட், எலிபன்ட்" என்று அடுக்கும் மூன்று வயதுப் பிள்ளைகள் என்னிடம் வருகிறார்கள். தண்ணீர் விடாய்த்தால் கேட்கத் தெரியாமல் அம்மாவின் கையைப் பிடித்து இழுக்கிறார்கள். திரை கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பதுமில்லை, "நந்து" என்றால் "ஓம், நண்டு" என்பதுமில்லை. இங்கிலீஷ் புத்தகம் வாங்கவா என்று கேட்பவர்களுக்கும் ஒன்று சொல்வேன். உங்களுக்குச் சரளமாக வரும் மொழியில் முதலில் வாசியுங்கள். நடுவில் நிறுத்தி நாலு வார்த்தை உங்களால் கதைக்கக்கூடிய மொழி அதுதான்.

"நான் அஞ்சாம் வகுப்போட நிண்டவ மிஸ், எனக்கே வாசிப்பு வராது" என்று தலை குனியும் தாய்மாருக்கு ஒரு வழி இருக்கிறது. ஒரு கொப்பி எடுங்கள். பழைய பத்திரிகை, கலண்டர், பிஸ்கட் பெட்டியில் இருந்து காகம், மாம்பழம், பஸ், தோணி என்று பக்கத்துக்கு ஒரு படம் வெட்டி ஒட்டுங்கள். கல்லடிப் பாலத்தில் பிள்ளையோடு எடுத்த படம் இருந்தால் அதையும் ஒட்டுங்கள். ஒவ்வொரு பக்கத்துக்கும் நீங்கள் சொல்வதே கதை. மூத்த பிள்ளையைக் கொண்டு அடியில் ஒரு வரி எழுதுவியுங்கள். தன் முகம் இருக்கும் புத்தகத்தை எந்தப் பிள்ளையும் கீழே வைப்பதில்லை.

கட்டாரிலும் சவூதியிலும் வேலைக்கு இருக்கும் தந்தைமாரும் தாய்மாரும் இதில் சேரலாம். வீட்டில் இருக்கும் புத்தகத்தைப் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். வாசித்து வட்ஸ்அப்பில் குரல் செய்தியாகப் போடுங்கள். இங்கே ஒருவர் பக்கத்தைப் புரட்ட, அங்கிருந்து வாப்பாவின் குரல் கதை சொல்லும். ஒவ்வொரு பக்கமும் முடியும்போது "இனி புரட்டு மகள்" என்று சொல்ல மறக்க வேண்டாம். அந்த ஒரு வரிக்காகவே பிள்ளைகள் காத்திருப்பார்கள். புத்தகம் வாங்க வசதியில்லை என்றால், மாநகர சபையும் பிரதேச சபையும் நடத்தும் நூலகங்கள் இருக்கின்றன.

பிள்ளை தானாக வாசிக்கத் தொடங்கியதும் நிறுத்திவிடுகிறோம். புலமைப்பரிசில் வகுப்பு, ரியூசன் என்று போனால் கதையே மறந்துவிடும். எட்டு வயதுப் பிள்ளையால் தானாக வாசிக்க முடிவதை விடக் கடினமான கதையைக் கேட்டு விளங்க முடியும். அதனால் அவனுக்கு வாசிக்க எடுக்கும் புத்தகம் அவன் பாடப்புத்தகத்தை விட ஒரு படி மேலே இருக்கட்டும்.

இன்னுமொன்று. வாசித்துக் காட்டுவது பேச்சு பிந்திய பிள்ளைக்கு உதவும், ஆனால் பரிசோதனைக்குப் பதிலாகாது. ஒரு வயதாகியும் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாத பிள்ளை, ஒன்றரை வயதிலும் ஒரு சொல்லும் இல்லாத பிள்ளை, இரண்டு வயதிலும் "அம்மா வா" என்பது போல இரண்டு சொல் சேர்க்காத பிள்ளை, எந்த வயதிலாவது சொல்லிக்கொண்டிருந்த சொற்களை விட்டுவிட்ட பிள்ளை என்றால், "ஆம்பிளப் பிள்ள பிந்தித்தான் கதைக்கும்" என்று யார் சொன்னாலும் காத்திருக்க வேண்டாம். அடுத்த கிளினிக் நாளிலேயே குடும்பநல மருத்துவமாதுவிடம் சொல்லுங்கள், காது கேட்கிறதா என்று முதலில் சோதிக்கச் சொல்லுங்கள். முடிவு வரும்வரை புத்தகத்தை மூடி வைக்கவும் வேண்டாம். காது கேளாத பிள்ளையும் உங்கள் முகத்தையும் விரலையும் பார்த்துக் கதையைப் பின்தொடரும்.