பெரும்பாடும் மேற்கோள் கணக்கும்

மாதவிடாயில் அளவுக்கு மீறி இரத்தம் போவதைத் திருநெல்வேலிச் சீமையில் வயதான ஆச்சிமார் இன்றும் ‘பெரும்பாடு’ என்றே சொல்கிறார்கள். அம்பாசமுத்திரம் பக்கத்து வீடு ஒன்றை நினைத்துக்கொள்வோம். அங்கே ஆச்சிக்குப் பெரும்பாடு இருந்தது. அவருடைய மகளுக்கும் இருந்தது. மகனுக்கோ சிறுவயது முதல் அடிக்கடி சில்லுமூக்கு உடையும். இப்போது அந்த மகன் பெற்ற பெண் வயதுக்கு வந்த பிறகு அவளுக்கும் அதே தொல்லை. ‘குடும்பவாகு’ என்று சொல்லி, முருங்கைக்கீரையும் இரும்புச்சத்து மாத்திரையும் கொடுத்துவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பதே பெரும்பாலும் நடக்கிறது. அந்தச் சொல்லில் உண்மை இருக்கிறது. ஆனால் அதற்கு மேல் யாரும் கேட்பதில்லை என்பதுதான் என் வருத்தம்.

இதே போன்ற ஒரு குடும்பத்தைப் பற்றி, ஃபின்லாந்து நாட்டு மருத்துவர் எரிக் வான் வில்லிபிராண்ட் 1926-இல் சுவீடிஷ் மொழியில் ஒரு கட்டுரை எழுதினார். ஓலாண்ட் தீவுகளைச் சேர்ந்த ஹியோர்டிஸ் என்ற ஐந்து வயதுச் சிறுமியை, இரத்தம் நிற்காத காரணத்தால் அவரிடம் கொண்டுவந்திருந்தார்கள். அதுவரை அறியப்பட்டிருந்த பரம்பரை இரத்த ஒழுக்கு நோயான ஹீமோஃபிலியா பெரும்பாலும் ஆண்களையே தாக்குவது. இந்தக் குடும்பத்திலோ பெண்களும் ஆண்களும் சேர்ந்தே அவதிப்பட்டார்கள். எனவே இது வேறொரு நோய் என்று அவர் சரியாகவே கணித்தார். இன்று அதை அவர் பெயராலேயே வான் வில்லிபிராண்ட் நோய் என்கிறார்கள். அந்தச் சிறுமி தன் பதின்மூன்றாவது வயதில் மாதவிடாய் இரத்தப்போக்கிலேயே இறந்துபோனாள்.

அவள் உடலில் குறைந்திருந்தது என்ன என்பது பிற்காலத்தில்தான் தெளிந்தது. இரத்தக்குழாயின் உள்சுவர் கிழியும்போது அடியிலுள்ள கொலாஜன் நார் வெளியே தெரிகிறது. அந்த ஓட்டையை முதலில் அடைக்க வேண்டியவை இரத்தத்தில் மிதக்கும் தட்டணுக்கள் என்னும் நுண்ணிய துகள்கள். ஆனால் சிறு தமனிகளில் இரத்தம் ஓடும் வேகத்தில், தாமிரபரணி வெள்ளத்தில் அடித்துச் செல்லப்படுகிறவன் கரையைப் பற்ற முடியாததுபோல, தட்டணுக்களால் தாமாகக் கொலாஜனைப் பற்றி நிற்க முடிவதில்லை. அவற்றுக்கு வடம் வீசுவதுதான் வான் வில்லிபிராண்ட் காரணி என்னும் மிக நீளமான புரதம். சாதாரண வேளையில் அது பந்துபோலச் சுருண்டு இரத்தத்தோடு மிதக்கிறது. காயத்தில் ஒட்டியதும், ஓட்டத்தின் இழுவிசையாலேயே நீண்டு விரிந்து, தட்டணுக்கள் பற்றிக்கொள்ளும் இடங்களைத் திறந்து காட்டுகிறது. வெள்ளத்தின் வேகமே வடத்தை விரிக்கும் இந்த அமைப்பை எத்தனை முறை படித்தாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை. இது தவிர, உறைதலுக்கு வேண்டிய எட்டாம் காரணியைச் சிதையாமல் கட்டிக் காப்பதும் இதே புரதம்தான். ஆகவே இது மிகவும் குறைந்தால் இரண்டு வேலைகளும் ஒன்றாகக் கெடுகின்றன.

இவ்வளவும் ஒரே ஆய்வாளர் கண்டதன்று. 1957-இல் சுவீடனில் இங்கா மரீ நில்சனும் அவருடைய குழுவினரும் ஒரு நுட்பமான சோதனையை வெளியிட்டார்கள். எட்டாம் காரணி இல்லாத ஹீமோஃபிலியா நோயாளியின் பிளாஸ்மாவிலிருந்து, அதாவது அணுக்கள் நீங்கிய இரத்த நீரிலிருந்து, பிரித்த பகுதியைச் செலுத்தியபோதும் இந்த நோயாளிகளின் இரத்தக்கசிவு நேரம் (சிறு கீறலில் இரத்தம் நிற்க ஆகும் நேரம்) சீரானது. குறைந்திருப்பது எட்டாம் காரணி அல்ல, வேறொரு பொருள் என்பதற்கு அதுவே சான்று. தட்டணுக்களைத் திரளச் செய்கிறது என்பதால் மருந்தாகக் கைவிடப்பட்ட ரிஸ்டோசெட்டின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி, 1971-இல் வந்த ஒரு கட்டுரைக்குப் பிறகு, இந்த நோயைக் கண்டறியும் சோதனைப் பொருளாகிவிட்டது. 1977-இல் இத்தாலியில் மன்னூச்சியின் குழு, டெஸ்மோபிரசின் என்ற மருந்து உடலில் சேமிப்பாக இருக்கும் இந்தக் காரணியை இரத்தத்துக்குள் விடுவிக்கிறது என்று காட்டியது. இலேசான நோய் உள்ளவர்களுக்குப் பல் பிடுங்கும்போது பிறர் இரத்தத்தை ஏற்ற வேண்டிய தேவையை அது குறைத்தது.

இத்தகைய கட்டுரைகளை அடுத்து வருபவர்கள் தம் கட்டுரையில் சுட்டுவதே மேற்கோள். அதை எண்ணும் அட்டவணையை யூஜின் கார்ஃபீல்ட் 1964-இல் தொடங்கினார். 2005-இல் இயற்பியலாளர் ஹிர்ஷ் முன்வைத்த எச்-குறியீட்டின்படி, ஒருவரின் 40 கட்டுரைகள் ஒவ்வொன்றும் குறைந்தது 40 முறை சுட்டப்பட்டிருந்தால் அவருடைய எண் 40. ஒரு கட்டுரையை எத்தனை பேர் எடுத்தாண்டார்கள் என்பதை மேற்கோள் எண்ணிக்கை ஓரளவு காட்டும். அந்தக் கட்டுரை சரியானதா என்பதைக் காட்டாது, ஏனெனில் மறுப்பதற்காகச் சுட்டினாலும் எண்ணிக்கை கூடும். இதில் இன்னொரு விந்தையும் உண்டு. ஒரு கண்டுபிடிப்பு எல்லோருக்கும் பொதுவறிவாகிவிட்டால், மூலக் கட்டுரையை யாரும் சுட்டுவதே இல்லை. இன்று நோயின் பெயராகவே வான் வில்லிபிராண்டை எழுதுகிறவர்களில் 1926-ஆம் ஆண்டுக் கட்டுரையைத் தம் பட்டியலில் சேர்ப்பவர் மிகச் சிலரே. பெயராகவே கலந்துவிட்ட அந்தப் பயன்பாட்டை எந்த அட்டவணையும் எண்ணுவதில்லை.

நம் அம்பாசமுத்திரத்துப் பெண்ணுக்கு உதவுபவை பெரும்பாலும் பெயர் பெறாத சின்னஞ்சிறு கட்டுரைகள். ஓ வகை இரத்தம் உள்ளவர்களுக்கு இந்தக் காரணி இயல்பாகவே மற்றவர்களைவிட ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைவு என்று 1987-இல் ஒரு கட்டுரை காட்டியது. ஆகவே சற்றுக் குறைந்த அளவைக் கண்டவுடன் நோய் என்று முடிவுகட்டக் கூடாது. கருவுற்றிருக்கும்போதும் காய்ச்சலிலும் அச்சத்திலும் அளவு ஏறுவதால், ஒருமுறை சரியாக இருந்தது என்று விட்டுவிடவும் கூடாது. அத்தை மகள், மாமன் மகள் என்று சொந்தத்துக்குள் மணம் முடிக்கும் நம் குடும்பங்களில், பெற்றோர் இருவரிடமிருந்தும் குறை சேரும் கடுமையான வகை பிறக்கும் வாய்ப்பு கூடுதல் என்பதையும் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது சோதனைக்கு இரத்தம் கொண்டுபோகும் முறை பற்றியது. ஒன்பது பங்கு இரத்தத்துக்கு ஒரு பங்கு, உறையாமல் தடுக்கும் சிட்ரேட் கலந்த நீலமூடிக் குழாயை, பிளாஸ்மாவைப் பிரிக்காமல் அப்படியே ஐஸ் பெட்டியில் வைத்தால், அந்தக் குளிரிலேயே காரணியின் அளவு குறைந்து, நலமாக உள்ளவர்களும் நோயாளிகள்போலத் தோன்றுகிறார்கள். எடுத்த இடத்திலேயே பிளாஸ்மாவைப் பிரித்து உறையவைத்து அனுப்பலாம். அதற்கு வசதி இல்லையென்றால், காலையில் முதல் பஸ்ஸில் அந்தப் பெண்ணையே திருநெல்வேலிக்கு அழைத்துப் போய், பரிசோதனை செய்யும் இடத்திலேயே இரத்தம் எடுக்கச் சொல்லலாம்.