ஃபராக்காவில் கங்கை நீர்: யாருக்கு எவ்வளவு?

மேற்கு வங்கத்தில், வங்கதேச எல்லைக்குச் சற்று முன்னால் கங்கையின் குறுக்கே இருக்கிறது ஃபராக்கா தடுப்பணை. கொல்கத்தா வழியாக ஓடும் கங்கையின் கிளையான ஹூக்ளியில் வண்டல் சேர்ந்து கொல்கத்தா துறைமுகம் தூர்ந்துபோகாமல் இருக்க, கங்கை நீரை அந்தப் பக்கம் திருப்பிவிடத்தான் இதைக் கட்டினார்கள். 1975-ல் பயன்பாட்டுக்கு வந்தது. கால்வாயில் விநாடிக்கு 40,000 கன அடி வரை விடலாம். அதை எடுத்துவிட்டால் கோடையில் பத்மாவுக்கு (வங்கதேசத்தில் கங்கைக்கு அதுதான் பெயர்) என்ன மிஞ்சும்? தகராறே அதுதான்.

அப்போதைய பிரதமர்கள், இந்தியாவின் தேவகவுடாவும் வங்கதேசத்தின் ஷேக் ஹசீனாவும், 1996 டிசம்பர் 12-ல் கையெழுத்திட்ட ஒப்பந்தம் இதற்கு ஒரு கணக்கு வகுத்தது. ஜனவரி 1 முதல் மே 31 வரைதான் பங்கீடு, மழைக்காலத்துக்குக் கிடையாது. பத்துப் பத்து நாட்களாகப் பிரித்து, ஃபராக்காவுக்கு வரும் நீரைப் பார்ப்பார்கள். 70,000 கன அடி வரை என்றால் ஆளுக்குப் பாதி. 70,000-லிருந்து 75,000 வரை என்றால் வங்கதேசத்துக்கு 35,000, மீதி இந்தியாவுக்கு. அதற்கும் மேல் போனால் இந்தியாவுக்கு 40,000, மிச்சமெல்லாம் வங்கதேசத்துக்கு.

மார்ச், ஏப்ரலில் ஆறு மெலிந்துவிடும். பாதிப் பாதி பிரித்தால் இருவருக்கும் போதாது. அதனால் மே 10 வரை முறை வைத்திருக்கிறார்கள்: ஒரு பத்து நாள் ஒருவருக்கு உறுதியாக 35,000, அடுத்த பத்து நாள் மற்றவருக்கு. வரத்து 60,000 என்று வைத்துக்கொண்டால், இந்த முறை வங்கதேசத்துக்கு 35,000, இந்தியாவுக்கு 25,000. அடுத்த முறை அப்படியே மாறும். ஒவ்வொரு நாட்டுக்கும் மூன்று முறை வரும். நம் ஊர் வாய்க்காலில் முறைப்பாசனம் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல.

அளப்பது இரு நாட்டு அதிகாரிகளும் இருக்கும் கூட்டுக்குழு. ஃபராக்காவில் மட்டுமல்ல, வங்கதேசத்தில் ஹார்டிஞ்ச் பாலத்திலும் தினமும் நீரோட்டத்தைக் குறிக்கிறார்கள். சச்சரவு வந்தால் முதலில் இந்தக் குழு, பிறகு கூட்டு நதிகள் ஆணையம், அதுவும் ஆகாவிட்டால் இரு அரசுகளும் நேரடியாகப் பேச வேண்டும். தீர்ப்புச் சொல்ல நடுவர் மன்றம் கிடையாது.

ஒப்பந்தத்தின் பலவீனம் என்று நான் நினைப்பது வேறு. பங்கிடுவது ஃபராக்காவுக்கு வந்து சேரும் நீரை மட்டுமே. உத்தரப் பிரதேசமும் பீகாரும் மேலே எவ்வளவு எடுத்தாலும் இந்தக் கணக்கில் வராது. 1949 முதல் 1988 வரையிலான 40 ஆண்டுச் சராசரி வரத்தைக் காக்க இந்தியா ‘எல்லா முயற்சியும்’ எடுக்கும் என்கிறார்கள், அவ்வளவுதான். வரத்து 50,000-க்குக் கீழே போனால் உடனே கலந்து பேச வேண்டும். ஆனால் அப்போது குறைந்தபட்சம் இவ்வளவு தருவோம் என்ற உத்தரவாதம் இல்லை. 1977 ஒப்பந்தத்தில், வங்கதேசத்தின் பங்கில் 80 சதவீதமாவது கிடைக்கும் என்ற உத்தரவாதம் இருந்தது.

காலம் 30 ஆண்டு. 2026 டிசம்பரோடு முடிகிறது. தானாக நீளாது, இருவரும் சம்மதித்தால்தான் புதுப்பிக்க முடியும். 1988-ல் முந்தைய ஏற்பாடு முடிந்த பிறகு 1996 வரை எந்த ஒப்பந்தமும் இல்லாமலே காலம் போனதும் உண்டு.