பிழைக் கொப்பி

அது ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம். மழை இருட்டிக்கொண்டு வந்தது. கிளினிக் துண்டுகளோடு ஆட்கள் வரிசையாக நின்றார்கள், தொலைபேசி விடாமல் அடித்தது. நான் யாழ்ப்பாணத்தில் ஒரு பாமசியில் மருந்தாளராகச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. ஓர் அம்மா தந்த துண்டில் கார்பிமசோல் என்று எழுதியிருந்தது. தைரொயிட் கூடுதலாகச் சுரப்பவர்களுக்குக் கொடுக்கும் மருந்து. றாக்கையிலிருந்து எடுத்து, எண்ணி, உறையில் போட்டுக் கொடுத்துவிட்டு அடுத்த துண்டுக்குக் கை நீட்டினேன்.

அவர் போகவில்லை. உறையைத் திறந்து பார்த்துக்கொண்டு நின்றார். "பிள்ளை, போன முறை தந்த குளிசை இதைவிடச் சின்னனெல்லோ?"

நான் கொடுத்தது கார்பமசபின். அது வலிப்புக்குக் கொடுக்கும் மருந்து.

மாற்றிக் கொடுத்தேன். அவர் நன்றி சொல்லிவிட்டுப் போனார். எனக்குக் கை நடுங்கியது. எங்கள் மூத்த மருந்தாளர் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். நாங்கள் அவரை அண்ணை என்றுதான் கூப்பிடுவோம். ஏச்சு விழும் என்று நினைத்தேன். சனம் குறைந்தபிறகு என்னை றாக்கையடிக்குக் கூட்டிப்போய், "கை ஏன் அங்க போனது எண்டு பாப்பம்" என்றார்.

பார்த்தோம். ஆங்கில எழுத்து வரிசைப்படி அடுக்கியதால் இரண்டு பெட்டிகளும் தோளோடு தோள் நின்றன. பெயர்களின் முதல் நான்கு எழுத்தும் ஒன்று. இரண்டும் வெள்ளைப் பெட்டி. மேலே இருந்த ரியூப் லைற் இரண்டு கிழமையாக மின்னி மின்னி எரிந்துகொண்டிருந்தது. கடையில் வேலை செய்த எல்லோரும் அதைப் பற்றி முணுமுணுத்திருந்தோம், ஒருவரும் மாற்றவில்லை.

அண்ணை லாச்சியிலிருந்து ஒரு பள்ளிக்கூடக் கொப்பியை எடுத்துத் தந்தார். "திகதி, என்ன நடந்தது, ஏன் நடந்தது. இவ்வளவும் எழுது. பேர் எழுதாதை. எங்களுக்குப் பிழைதான் வேணும், ஆள் வேண்டாம்."

அன்றைக்கே லைற் மாற்றினோம். கார்பமசபினை வேறு தட்டுக்குக் கொண்டுபோனோம். பெயர் ஒத்த மருந்துகளால் வரும் குழப்பம் உலகம் முழுவதும் தெரிந்த சங்கதி. சில நாடுகளில் இப்படியான பெயர்களில் வேறுபடும் எழுத்துகளை மட்டும் பெரிதாக அச்சிட்டு ஒட்டுகிறார்கள். நாங்களும் மார்க்கரால் அப்படியே எழுதி ஒட்டினோம்.

பிரித்தானிய உளவியலாளர் ஜேம்ஸ் ரீசன், விபத்து எப்படி நடக்கிறது என்பதை ஓட்டை விழுந்த சீஸ் துண்டுகளை வரிசையாக வைத்து விளக்கினார். எங்களுக்குக் கிடுகுவேலி போதும். ஒரு வரிசைக் கிடுகில் ஓட்டை இருந்தால் ஆடு உள்ளே வராது, பின்னால் இன்னொரு வரிசை இருக்கிறது. எல்லா ஓட்டைகளும் நேருக்கு நேர் வருகிற நாளில்தான் ஆடு கத்தரித் தோட்டத்துக்குள் நிற்கும். அந்த வெள்ளிக்கிழமை பெட்டிகள் பக்கத்தில் நின்றது ஓர் ஓட்டை, லைற் இன்னொன்று, தொலைபேசி இன்னொன்று, இரண்டாம் தரம் பெயரை வாசிக்காத நான் இன்னொன்று. கடைசிக் கிடுகாக நின்றது, உறையைத் திறந்து பார்த்த அந்த அம்மா. அவரை யாராவது முன்னொரு நாள், "அதெல்லாம் எங்களுக்குத் தெரியும், நீங்கள் போங்கோ" என்று அதட்டியிருந்தால் அன்று அவர் வாய் திறந்திருக்கமாட்டார். இதை நான் அடிக்கடி நினைப்பதுண்டு.

இப்போது என்னிடம் மூன்றாவது கொப்பி இருக்கிறது. முதலில் பிழைகளை மட்டும் எழுதினேன். அப்புறம் எரிச்சல் வந்த இடங்களையும் எழுதத் தொடங்கினேன். ஒரே விடயம் மூன்று நாள் தொடர்ந்து எரிச்சல் தந்தால் அங்கே ஒரு கிடுகு உக்கிக்கொண்டிருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறேன்.

ஒன்று சொல்கிறேன். எங்கள் ஆட்களில் பெரும்பாலானோர் அரசாங்க ஆஸ்பத்திரியில் மாதாமாதம் கிளினிக் மருந்து எடுப்பவர்கள். அங்கே இருப்பு முடிந்தால் வெளியே வாங்கச் சொல்லித் துண்டு கொடுப்பார்கள். மருந்து ஒன்றேதான், ஆனால் கம்பனி மாறினால் குளிசையின் நிறமும் வடிவமும் மாறிவிடும். 2022இல் மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது கிடைக்கிற கம்பனியின் மருந்தைக் கொடுத்துச் சமாளித்தோம். ஒவ்வொரு நாளும் அதே கேள்வி. "போன மாதம் மஞ்சள், இந்த மாதம் வெள்ளை. எது சரி?" நானும் அலுப்போடு, "இரண்டும் ஒண்டுதான் ஐயா" என்று சொல்லி அனுப்பிவிடுவேன்.

ஒரு நாள் ஓர் ஐயா நெற்றியில் காயத்தோடு வந்தார். விடியற்காலை கிணற்றடியில் தலைசுற்றி விழுந்திருக்கிறார். பிரஷருக்கு என்ன எடுக்கிறீர்கள் என்று கேட்டேன். மஞ்சளில் ஒன்று, வெள்ளையில் ஒன்று என்றார். "நீங்கள்தானே பிள்ளை சொன்னனீங்கள், இரண்டும் ஒண்டு ஒண்டு எண்டு."

நான் சொன்னது 'இரண்டும் ஒரே மருந்து' என்று. அவருக்குக் கேட்டது 'இரண்டிலும் ஒவ்வொன்று' என்று. தமிழில் இரண்டுக்கும் இடம் இருக்கிறது. அவருடைய காதில் பிழை இல்லை. அன்று கொப்பியில் எழுதினேன்: "'ஒண்டுதான்' என்ற சொல் இனி வேண்டாம்." இப்போது, "பழசு முடியும்வரைக்கும் புதுசைத் தொடாதேங்கோ" என்று சொல்கிறேன். உறையிலும் 'பழைய மஞ்சளுக்குப் பதில்' என்று எழுதுகிறேன். சொல்லி முடித்தபிறகு, "வீட்டை போய் எப்படி எடுப்பீங்கள், ஒருக்கா சொல்லுங்கோ" என்று திருப்பிக் கேட்கிறேன். அரை நிமிடம் கூடுதலாகப் போகும், போகட்டும். எந்த மருந்துக் கடையிலும் உங்களிடம் இப்படித் திருப்பிக் கேட்டால் தயவுசெய்து கோபப்படாதீர்கள். கேட்காவிட்டால் நீங்களாகவே சொல்லிக் காட்டுங்கள்.

சில பக்கங்கள் காலத்துக்குக் காலம் திரும்பி வரும். கந்தசஷ்டி ஆறு நாளும் விரதம் இருப்பவர்கள் சாப்பாட்டை விடுவார்கள், சீனி வருத்தக் குளிசையை விடமாட்டார்கள். மூன்றாம் நாள் வியர்த்து நடுங்கிப்போய்த் தூக்கிக்கொண்டு வருவார்கள். எல்லாக் குளிசையும் அப்படிச் செய்யாது, ஆனால் இன்சுலினும் கிளிக்லசைட் போன்றவையும் வெறும் வயிற்றில் சீனியை ஆபத்தான அளவுக்கு இறக்கக்கூடியவை. விரதம் தொடங்க முதலே வைத்தியரிடம் கேட்டு அளவை மாற்றிக்கொள்ளலாம். முருகன் கோபிக்கமாட்டார்.

இன்சுலினைப் பற்றி இன்னொன்றும் சொல்லவேண்டும். சென்னைக்குப் போய்வந்த ஒருவர், அங்கே வாங்கிய ஊசிகள் மலிவு என்று ஒரு கட்டுக் கொண்டுவந்திருந்தார். சும்மா காட்டத்தான் எடுத்தார். ஊசியில் 40 என்று அச்சிட்டிருந்தது, அவருடைய இன்சுலின் போத்தலிலோ 100. ஒரு மில்லிலீற்றருக்கு எத்தனை அலகு என்பதுதான் அந்த எண். அந்த ஊசியில் 20 என்ற கோடுவரை இழுத்தால் அரை மில்லிலீற்றர் வரும். 100 அலகுப் போத்தலிலிருந்து எடுக்கும் அரை மில்லிலீற்றரில் 50 அலகு இன்சுலின் இருக்கும். 20 போடவேண்டியவர் 50 போட்டுக்கொண்டு இரவு படுத்திருப்பார். நல்லவேளை, கட்டு இன்னும் பிரிக்கப்படவில்லை. ஊசியில் இருக்கும் எண்ணும் போத்தலில் இருக்கும் எண்ணும் ஒன்றாக இருக்கவேண்டும். வீட்டில் இன்சுலின் போடுபவர் இருந்தால் இப்போதே எழும்பிப்போய்ப் பாருங்கள்.

இனி, எனக்கு மிகவும் கவலை தருகிற பக்கத்துக்கு வருகிறேன்.

முழங்கால் நோவுக்கு மருந்து கேட்டு ஓர் அம்மா வந்தார். எழுபது வயது தாண்டியவர், மெல்லிய உடம்பு. பிள்ளைகள் எல்லோரும் வெளிநாட்டில், இங்கே தனியாக இருக்கிறார். வேறு என்ன மருந்து எடுக்கிறீர்கள் என்று கேட்டதும், சொப்பின் பையை அப்படியே மேசையில் கவிழ்த்தார். பனடோல் அட்டைகள். ரொறன்ரோவிலிருந்து மகன் அனுப்பிய ரைலனோல் போத்தல். தடிமனுக்குப் பக்கத்துக் கடையில் வாங்கிய குளிசை அட்டை. மூன்று பெயர், மூன்று நிறம். மூன்றுக்குள்ளும் இருப்பது பரசிற்றமோல்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். பனடோல் இரண்டிரண்டாக மூன்று வேளை, அது 3000 மில்லிகிராம். நித்திரைக்கு முதல் ரைலனோல் இரண்டு, இன்னொரு 1000. தடிமன் குளிசை மூன்று வேளை, 1500. மொத்தம் 5500. நல்ல உடம்புள்ள வளர்ந்த ஒருவருக்கே 24 மணி நேரத்தில் 4000க்கு மேல் போகக்கூடாது. மெலிந்தவர்களுக்கு அதைவிடக் குறைவு. மூன்று நாளாக இப்படி எடுத்திருக்கிறார். பரசிற்றமோல் அளவு மீறினால் முதல் நாள் ஒன்றும் தெரியாமல்கூட இருக்கலாம், ஈரல் கெட்டுக்கொண்டிருக்கும். 'ஒண்டும் செய்யேல்லைத்தானே' என்று வீட்டில் இருக்கக்கூடாத விடயம் இது. உடனேயே ஓட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். இரத்தம் சோதித்தார்கள், ஈரலுக்கு ஒன்றும் ஆகவில்லை.

மகனுக்குச் சொல்லவேண்டும் என்றேன். அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "வேண்டாம் பிள்ளை. அவன் ஏசுவான். போன கிழமை பிரஷர்க் குளிசை மறந்துபோனன் எண்டு வீடியோவில ஒரே பேச்சு. 'எத்தனை தரம் சொல்லுறது அம்மா' எண்டு. இப்ப நான் ஒண்டும் சொல்லுறேல்லை. கேட்டால் எல்லாம் ஒழுங்கா எடுக்கிறன் எண்டு சொல்லுவன்."

மகனுக்கு அம்மா மேல் பாசம் இல்லாமல் இல்லை. அத்தனை ஆயிரம் மைல் தள்ளி இருந்துகொண்டு ஒன்றும் செய்யமுடியாத பயம்தான் கோபமாக வருகிறது. ஆனால் அந்தக் கோபத்தால் நடந்தது என்ன? அம்மா குளிசையை மறப்பது நிற்கவில்லை, மறந்ததைச் சொல்வதுதான் நின்றது. எங்கள் வீடுகளிலும் பள்ளிக்கூடங்களிலும் வேலை இடங்களிலும் பிழை விட்டவரிடம் நாங்கள் முதலில் கேட்பது 'கண் எங்க வச்சனீ' என்றுதான். அண்ணை என்னிடம் கேட்ட 'கை ஏன் அங்க போனது' என்ற கேள்வியை வெகு சிலரே கேட்கிறார்கள். அன்று எனக்கு ஏச்சு விழுந்திருந்தால் அடுத்த பிழையை நான் சத்தமில்லாமல் மாற்றி வைத்திருப்பேன். ரியூப் லைற்றும் மின்னிக்கொண்டே இருந்திருக்கும்.

உலக சுகாதார நிறுவனம் 2017இல் மருந்துப் பிழைகளைக் குறைப்பதற்கென்றே ஓர் உலகளாவிய முயற்சியைத் தொடங்கியது. செப்டெம்பர் 17ஐ நோயாளர் பாதுகாப்பு நாளாகவும் வைத்திருக்கிறார்கள். பெரிய ஆஸ்பத்திரிகளுக்குப் படிவமும் குழுவும் வேண்டும்தான். வீட்டுக்கு ஒரு நாட்காட்டியும் பேனையும் போதும். குளிசை எடுத்தவுடன் அந்தத் திகதியில் ஒரு கோடு. எடுத்தேனா இல்லையா என்று சந்தேகம் வந்தால் கோட்டைப் பார்க்கலாம். கோடு இல்லாத நாள் வந்தால் ஏசாமல், அன்றைக்கு என்ன நடந்தது என்று கேளுங்கள். செத்தவீட்டுக்குப் போயிருப்பார், இல்லாவிட்டால் குளிசை வைத்த அலுமாரியைப் பேரப்பிள்ளைக்குப் பயந்து பூட்டியிருப்பார். காரணம் தெரிந்தால் வழி தெரியும். மாதம் ஒருமுறை வீட்டில் இருக்கும் எல்லா மருந்தையும் ஒரு பையில் போட்டு, உங்களுக்குத் தெரிந்த மருந்தாளர் முன் கவிழ்த்துவிடுங்கள். வெளிநாட்டுப் போத்தல்களையும் சேர்த்துத்தான். கூடுதலாக எடுத்துவிட்டதாகச் சந்தேகம் வந்தால் காத்திருக்கவேண்டாம், உடனே ஆஸ்பத்திரி. வாகனம் இல்லையென்றால் 1990க்கு அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வரும்.

கிழமைக்கு ஒருமுறை மட்டும் எடுக்கவேண்டிய மூட்டுவாத மருந்து ஒன்று இருக்கிறது, மெதோட்ரெக்சேற். ஒருவர் அதைத் தினமும் எடுக்கத் தொடங்கியிருந்தார். மூன்றாம் நாளே மகளுக்குச் சொல்லிவிட்டார், மகள் அந்த நிமிடமே எங்களுக்கு அழைத்தார். தினமும் எடுத்தால் வாயெல்லாம் புண்ணாகி, இரத்த அணுக்கள் குறைந்து உயிருக்கே ஆபத்தாகும் மருந்து அது. நேரத்துக்கு ஆஸ்பத்திரிக்குப் போனதால் பிழைத்தார். பிறகு மகளிடம் கேட்டேன், அப்பா எப்படி உடனே சொன்னார் என்று. "எங்கட வீட்டில அவர் ஆரிட்டயும் பயப்பிடத் தேவையில்லை அக்கா" என்றாள்.

இந்த வருடம் தைப்பொங்கலுக்கு வீட்டில் நின்றபோது என் அம்மாவைக் கவனித்தேன். விடிய எழும்பி, தேத்தண்ணியை ஊற்றி, அதோடு தைரொக்சின் குளிசையை விழுங்குகிறா. தைரொயிட் குறைவாகச் சுரப்பவர்களுக்குக் கொடுக்கும் மருந்து அது. தைரொக்சின் வெறும் வயிற்றில் தண்ணீரோடு மட்டும் எடுக்கவேண்டியது. பால் தேத்தண்ணியோடு போனால் சரியாக உறிஞ்சப்படாது. 'ஏன் குளிசையின் அளவு ஏறிக்கொண்டே போகுது' என்று ஒவ்வொரு இரத்தப் பரிசோதனைக்குப் பிறகும் நான் அலுத்துக்கொண்டதுதான் மிச்சம். எப்படி எடுக்கிறா என்று இரண்டு வருடமாக நான் கேட்கவே இல்லை. ஊரெல்லாம் திருப்பிக் கேட்கிற நான்.

வாயில் வந்ததை அடக்கிக்கொண்டு, "ஏனம்மா தேத்தண்ணியோட?" என்றேன்.

"வேற எப்ப எடுக்கிறது? தேத்தண்ணியைக் கண்டால்தானே குளிசை ஞாபகம் வருது."

சரி, தேத்தண்ணிக்கு முதல் நீங்கள் தவறாமல் செய்வது என்ன என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, சாமி விளக்குக் கொளுத்துவது என்றா. இப்போது தைரொக்சின் போத்தல் சாமியறைத் தட்டில், விளக்கின் சூடு படாத பக்கத்தில், ஒரு செம்புத் தண்ணீருக்குப் பக்கத்தில் நிற்கிறது. விளக்குக் கொளுத்தி, திருநீறு பூசி, குளிசை. தேத்தண்ணி அதற்கு அரை மணித்தியாலம் கழித்து. அடுத்த இரத்தப் பரிசோதனை வைகாசியில்.